கன்னட நடிகர் ராஜ்குமாரின் வாழ்க்கையை யாழ்ப்பாணத்துச் சபையில் எடுத்துச் சொல்வது எப்படி?

ஊர்ச் சனசமூக நிலையத்திலோ பாடசாலைத் தமிழ் மன்றத்திலோ நாற்பது நிமிடம் பேசுவதற்குக் கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், முதலில் 'ஆர் அது?' என்ற கேள்வியைத்தான் எதிர்கொள்வார். 1954 முதல் 2000 வரை இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், ஒரு மாநிலமே 'அண்ணாவ்ரு' என்று அழைத்த மனிதர், நம்மில் பெரும்பாலானோருக்கு வீரப்பன் காட்டுக்குள் கொண்டுபோன நடிகர் என்ற அளவில்தான் அறிமுகமாகியிருக்கிறார். அப்படிப்பட்ட சபையொன்றில் அவருடைய வாழ்க்கையையும் கலையையும் எடுத்துச் சொல்வது எப்படி என்பதை, இணுவிலில் எங்கள் வாசிகசாலையில் இரண்டு முறை முயன்று, ஒரு முறை தோற்று, மறுமுறை ஓரளவு தேறியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். பேசாமல் கட்டுரையாக எழுதப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

முதல் முறை நான் தோற்றதற்குக் காரணம் என் ஒழுங்குதான். 1929 ஏப்ரல் 24இல் பிறப்பு, 1954இல் கதாநாயகனாக முதற் படம், 1976இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம், 1983இல் பத்மபூஷண், 1992இல் கர்நாடக ரத்னா, 1995ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது, 2006 ஏப்ரல் 12இல் மறைவு என்று கொப்பியில் இருந்ததை வரிசை பிசகாமல் வாசித்தேன். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசைக் கதிரைகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது. போதாக்குறைக்கு, துண்டுப்பிரசுரத்தில் வெறுமனே 'நடிகர் ராஜ்குமார்' என்று அச்சடித்திருந்ததால், அதே பெயருடைய ஹிந்தி நடிகரைப் பற்றிய பேச்சென்று நம்பிக் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், கூட்டம் முடிந்ததும் என்னிடம் கணக்குக் கேட்டார். ஆகவே அறிவித்தலில் 'கன்னட நடிகர்' என்ற சொல்லைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆண்டுகளையும் விருதுகளையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் மட்டும் அந்தத் தாளை எடுங்கள்.

கண்ணப்பரிலிருந்து தொடங்குங்கள்

ராஜ்குமாரை அறிமுகப்படுத்த யாழ்ப்பாணத்துக்கென்றே அமைந்த வாசல் ஒன்று இருக்கிறது. அவர் கதாநாயகனாக நடித்த முதற் படமான 'பேடர கண்ணப்ப', அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவராகிய கண்ணப்பரின் கதை. 1954இல் எச். எல். என். சிம்ஹா இயக்க, குப்பி நாடகக் கம்பனியைச் சேர்ந்தவர்களும் சென்னை ஏ.வி.எம். நிறுவனமும் கூட்டாகத் தயாரித்த படம் அது. முத்துராஜ் என்ற நாடக நடிகருக்கு ராஜ்குமார் என்று திரைப்பெயர் சூட்டியவரும் சிம்ஹாதான். அதே ஆண்டில் அதே கதை தெலுங்கிலும் எடுக்கப்பட்டபோது அதிலும் ராஜ்குமாரே நடித்தார். கன்னடம் தவிர்ந்த வேறொரு மொழியில் அவர் நாயகனாக நடித்த ஒரே படம் அதுவாகவே நின்றுவிட்டது.

இரண்டாம் முறை பேசுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, மடிக்கணினியில் அந்தப் படத்தின் இறுதிக் காட்சியை ஓடவிட்டிருந்தேன். துணைத்தலைப்பு எதுவும் இல்லை. குசினிக்குள் இருந்து வந்த அம்மா கதவுநிலையைப் பிடித்தபடி சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உது எங்கட கண்ணப்பர் எல்லே? பொறு மோனை, இப்ப காலை வைப்பார்" என்றார். கன்னடத்தில் ஒரு சொல்லும் அறியாதவர், அடுத்து என்ன நடக்கும் என்பதை நடிகருக்கு முன்பாகவே சொல்லிவிட்டார். ஒரு கண்ணைப் பெயர்த்து அப்பியாகிவிட்டது. மற்றக் கண்ணிலும் குருதி வடிகிறது. இரண்டாவது கண்ணையும் பெயர்த்த பின் இடம் தெரியாது என்பதற்காகக் காலை ஊன்றி அடையாளம் வைக்க வேண்டும். கதை தெரிந்திருந்ததால் அம்மாவின் கவனம் முழுவதும் நடிப்பில் இருந்தது. என்ன நடக்கிறது என்று கேட்கத் தேவையில்லாத பார்வையாளருக்கு எப்படிச் செய்கிறார் என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. பேச்சை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காட்சியைச் சபைக்குக் காட்டும் முறையையும் நாம் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. நம் கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் வாசித்து முடிக்கும்வரை பயன் சொல்பவர் குறுக்கிடமாட்டார். கன்னடப் படத்தையும் அப்படியே கையாளுங்கள். இரண்டு நிமிடக் காட்சியை முழுவதும் ஓடவிட்டு நிறுத்திய பிறகு பொருளைச் சொல்லுங்கள். பின்னர் அதே காட்சியை இன்னொரு முறை போடுங்கள். காட்சி ஓடும்போதே ஒலிவாங்கியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் நடிகரின் குரலை நீங்கள் தின்றுவிடுவீர்கள். அவருடைய சொத்தில் பாதி அந்தக் குரல்.

செவிக்கு ஒரு திறப்பு

கன்னடம் நமக்கு முற்றிலும் அந்நியமான மொழியல்ல என்பதைச் சபை உணர்ந்துவிட்டால் உங்கள் வேலை பாதி குறையும். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது வீண் போகாது. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாக ஒலிக்கும். பால் ஹாலு ஆகும், பூ ஹூவு ஆகும், புலி ஹுலி ஆகும், பத்து ஹத்து ஆகும், பாடு ஹாடு ஆகும். நம் வகரமோ அங்கே அழுத்தமான பகரமாகிவிடும். வில் பில்லு, வெள்ளி பெள்ளி, வேர் பேரு, வேடர் பேடரு. இந்த இரண்டு விதிகளையும் சொன்ன உடனே 'பேடர கண்ணப்ப' என்றால் என்னவென்று சபையைக் கேட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட 'வேடர் கண்ணப்பர்' என்று சொல்லிவிடும். 1983இல் வந்த 'காமன பில்லு' காமனுடைய வில், அதாவது வானவில். 1985இல் வந்த 'பெட்டத ஹூவு' மலைப்பூ. ராஜ்குமாரின் இளைய மகன் புனீத் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் அது.

'அண்ணாவ்ரு' என்ற அழைப்பைச் சொன்னதும், கூத்துப் பழகிய ஊர்களில் யாராவது ஒருவர் அது கூத்துப் பழக்கும் நம் அண்ணாவியாரா என்று கேட்பார். அண்ணன் என்பதோடு 'அவரு' என்ற மரியாதைச் சொல் சேர்ந்த வழக்கு அது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லாராய்ச்சியில் இறங்கினால் அந்த மாலை அதிலேயே முடிந்துவிடும்.

பிறந்த ஊரைச் சொல்லும்போது கவனம் வேண்டும். ராஜ்குமார் பிறந்த காஜனூர், அக்காலத்தில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் தாளவாடிக்கு அருகில் இருந்தது. இப்போது அது தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்துக்குள் அடங்குகிறது. 1956இல் மாநில எல்லைகள் மொழிவழியாகத் திருத்தப்பட்டபோது அண்டையிலிருந்த கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்துக்குப் போனது, தாளவாடிப் பகுதி சென்னையோடு நின்றது. இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் அவர் தமிழர்தானே' என்று சபையில் ஒருவர் மகிழ்ச்சியோடு எழுந்திருப்பார். இடம் கொடுக்காதீர்கள். கன்னடம் பேசும் குடும்பத்தில், கன்னட நாடகக் கம்பனி நடிகர் ஒருவருக்குப் பிறந்தவர் அவர். வரைபடத்தில் கோடு எங்கே விழுந்தது என்பது அவருடைய தாய்மொழியை மாற்றாது. ஆனால் அவருக்குத் தமிழ்நாடு தூரத்து ஊராகவும் இருக்கவில்லை. அக்காலக் கன்னடப் படத்துறை பெரும்பாலும் சென்னைப் படப்பிடிப்புத் தளங்களை நம்பியிருந்ததால் அவருடைய குடும்பம் நெடுங்காலம் சென்னையிலேயே வாழ்ந்தது. 1975இல் புனீத் பிறந்ததும் அங்கேதான்.

கம்பனி மேடையிலிருந்து வந்தவர்

வாழ்க்கை வரலாற்றில் எந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுப்பது என்று கேட்டால், தயங்காமல் நாடகக் கம்பனிக் காலத்துக்கு என்பேன். தந்தை சிங்காநல்லூர் புட்டசுவாமையா, இராவணன், கம்சன், இரணியன் போன்ற வேடங்களில் பேர்பெற்ற மேடை நடிகர். மகனின் பள்ளிப் படிப்போ மிகச் சிறு வயதிலேயே நின்று போனது. படிப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நம் ஊரில் இந்தச் செய்தியை மெல்லிய குரலில் சொல்லிவிட்டுக் கடந்து போகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். குப்பி வீரண்ணாவின் கம்பனி, தோன்றிய ஆண்டு 1884. அந்தச் சிறுவனுக்கு அதுவே பள்ளிக்கூடமாக இருந்தது. சொல்லைத் தெளிவாக உச்சரிப்பது, கடைசி வரிசைவரை கேட்கும்படி குரலை எறிவது, சுருதி விலகாமல் வசனத்திலிருந்து பாட்டுக்குள் நுழைவது, ஒரு வேடக்காரர் வராத இரவில் இன்னொருவருடைய பாடத்தைச் சொல்வது ஆகிய அனைத்தும் கம்பனி நாடகம் எந்த நடிகருக்கும் கற்பித்த பாடங்கள். பிற்காலத்தில் படப்பிடிப்புத் தளத்தில் அவர் காட்டிய நிதானத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கம்பனி நாடகம் என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்துக்கு விளக்கத் தேவையில்லை, நினைவூட்டினால் போதும். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த நாடகக் குழுக்களின் வழியே நம்மிடம் வேர்கொண்ட இசை நாடகத்தின் உச்சம் என்று, காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்ட'த்தை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வைரமுத்து பிறந்தது 1924, ராஜ்குமார் பிறந்தது 1929. ஒருவர் கொட்டகை மேடையிலேயே இருந்து அரிச்சந்திரனாக வாழ்ந்தார். மற்றவர் மேடையிலிருந்து திரைக்குப் போய், 1965இல் வந்த 'சத்ய ஹரிச்சந்திர'வில் அதே மன்னனாக நின்றார். ஹுணசூர் கிருஷ்ணமூர்த்தி இயக்கிய அந்தப் படத்தின் மயானக் காட்சியைக் காட்டுங்கள். இரண்டாம் முறை நான் அதைக் காட்டியபோது, வைரமுத்துவின் மேடையைச் சிறுவயதில் நேரில் கண்ட ஒருவர் சபையில் இருந்தார். அவர் சொன்னது இதுதான்: "எங்கட ஆள் பாடி அழ வைப்பார். இவர் பாடாத இடத்திலையும் அழ வைக்கிறார், ஆனால் எங்கட ஆளுக்குக் கமரா கிட்ட வரேல்லை, அதையும் சொல்லவேணும்." மேடை நடிப்புக்கும் திரை நடிப்புக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் வாசித்ததில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடி முன்வரிசையில் இருத்துங்கள்.

எந்தப் படங்களை எடுப்பது

இருநூறுக்கும் மேற்பட்ட படங்களையும் தழுவிப் பேச முயல்வது வீண் வேலை. புராணம், வரலாறு, சமூகம், துப்பறிதல் என்று அவர் எல்லா வகையிலும் நடித்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். 1960இல் கனகதாசராகவும் மைசூர் மன்னர் ரணதீர கண்டீரவராகவும், 1966இல் மந்திராலய ராகவேந்திரராகவும், 1968இல் உளவாளியாகவும், 1970இல் கிருஷ்ணதேவராயராகவும், 1975இல் கதம்ப அரசன் மயூரனாகவும் வந்தவர் அவர். இவற்றில் கிருஷ்ணதேவராயர் படத்தை இயக்கியவர், நமக்கெல்லாம் கட்டபொம்மனையும் கர்ணனையும் தந்த பி. ஆர். பந்துலு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் மூத்தவர்களின் முகம் மாறும். 'கன்னடத்துப் பைங்கிளி' சரோஜாதேவி ராணி சென்னம்மாவாக நடித்து 1961இல் வந்த படமும் பந்துலு இயக்கியதே. அதில் மன்னராக வந்தவர் ராஜ்குமார்.

நின்று பேச வேண்டிய சமூகப் படங்கள் இரண்டு. முதலாவது 1971இல் தொரை–பகவான் இரட்டையர் இயக்கிய 'கஸ்தூரி நிவாச'. ஜி. பாலசுப்பிரமணியம் எழுதிய இந்தக் கதை முதலில் சிவாஜி கணேசனை மனத்தில் வைத்தே உருவானது. கன்னடத்தில் ராஜ்குமார் நடித்து வென்ற பிறகு, 1975இல் சிவாஜியே அதைத் தமிழில் 'அவன்தான் மனிதன்' என்று நடித்தார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துப் பழகிய தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி ஒருவர், செல்வமெல்லாம் கரைந்த பின்னும் கொடுக்கும் கையை மடக்க அறியாமல் நிற்பதுதான் கதை. கன்னடப் படத்தில், எத்தனை முறை சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் பொம்மையைச் சுற்றி ஒரு பாடல் வருகிறது. அதை நம் வீடுகளில் தலையாட்டிப் பொம்மை என்போம். ஒரு பொம்மையைக் கடையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு அந்தக் காட்சியைப் போடுங்கள். இரு மொழிப் படங்களையும் பார்த்தவர்கள் உங்கள் சபையில் இருந்தால் விவாதம் சூடு பிடிக்கும். என் தீர்ப்பைக் கேட்டால், இழப்பின் வலியைச் சிவாஜி முகம் முழுவதும் பரப்பிக் காட்டுகிறார், ராஜ்குமார் அதை விருந்தினருக்குத் தெரியாமல் மறைக்கும் வீட்டுக்காரனைப்போல ஒளிக்கிறார். கதையின் நாயகனும் அப்படி ஒளிப்பவன் என்பதால் இந்த ஒரு கதையில் நான் கன்னடத்தின் பக்கம் நிற்பேன். சிவாஜி அன்பர்கள் பொறுத்தருள்க.

இரண்டாவது, 1972இல் சித்தலிங்கையா இயக்கத்தில் வந்த 'பங்காரத மனுஷ்ய', பொருள் 'பொன்னான மனிதன்'. டி. கே. ராமராவ் எழுதிய நாவலிலிருந்து பிறந்த அந்தப் படம் பெங்களூர் ஸ்டேட்ஸ் திரையரங்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியது. நகரத்திலிருந்து கிராமத்துக்கு வரும் ராஜீவன், மைத்துனரின் மறைவால் நிர்க்கதியான தமக்கையின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதற்காகத் தரிசு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்கிறான். படம் பார்த்து ஊருக்குத் திரும்பி உழவில் இறங்கிய இளைஞர்களைப் பற்றிக் கன்னட நாட்டில் இன்றும் பேசுவார்கள். இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் கதையைச் சேர்த்துக்கொள்ளத் தவறாதீர்கள். அதே எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபோக, படித்த இளைஞர்கள் பலர் தோட்டத்தில் இறங்கினார்கள். முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். நம் செம்மண் தோட்டங்களில் துலா மிதித்து இறைத்த தலைமுறையினர் இன்னும் வாழ்கிறார்கள். பாறை நிலத்தில் தண்ணீர் தேடும் ராஜீவனை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேலும் ஒரு திறப்பு வேண்டுமென்றால், நாம் அறியாமலே பார்த்த ராஜ்குமார் கதைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். 1978இல் அவர் மூன்று வேடம் தாங்கிய 'சங்கர் குரு'தான் 1979இல் சிவாஜியின் இருநூறாவது படமான 'திரிசூலம்' ஆனது. 'பிரேமத காணிக்கெ' ரஜினிகாந்தின் 'பொல்லாதவன்' ஆகியது, 'நா நின்ன மரெயலாரெ' 'புதுக்கவிதை' ஆகியது, 1986இல் வந்த 'அனுராக அரளிது' 1992இல் 'மன்னன்' ஆகியது. 'மன்னன்' என்றதும் இளைஞர் வரிசை நிமிர்ந்து உட்காரும். நான் இதைப் பேச்சின் நடுவில், கவனம் சோரும் இடத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அடுத்தது குரல். இருபது ஆண்டுகளாகத் திரையில் ராஜ்குமாருக்குப் பாடிய குரல் பெரும்பாலும் பி. பி. ஸ்ரீநிவாஸுடையது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு அந்தக் குரல் சொந்தக் குரல். ஜெமினி கணேசனின் உதடுகளில் கேட்டுப் பழகியது. 1974இல் 'சம்பத்திகெ சவால்' படத்தில், எருமை மீதமர்ந்து வரும் நாயகனுக்காக இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷ் ராஜ்குமாரையே பாடவைத்தார். இளையராஜா தமிழில் இசையமைப்பாளராவதற்கு முன் உதவியாளராக இருந்தது இந்த வெங்கடேஷிடம்தான். நாடகக் கம்பனியில் பாடிப் பழகிய தொண்டை அன்று திரையில் மறுபடி திறந்தது. அதன் பிறகு தன் பாடல்களை அவரே பாடலானார். 1992இல் 'ஜீவன சைத்ர' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. இந்த மாற்றத்தைக் காதால் காட்ட மிகச் சிறந்த சான்று 1977இல் வந்த 'பப்ருவாஹன'. அதில் தந்தை அருச்சுனனும் அவரே, மகன் பப்ருவாகனனும் அவரே. இருவரும் வாய்ப்போரில் மோதும் பாடலில் ஒரு பக்கம் ராஜ்குமாரின் குரலும் மறுபக்கம் பி. பி. ஸ்ரீநிவாஸின் குரலும் ஒலிக்கின்றன. முதலில் திரையை அணைத்து ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள், பிறகு படத்தோடு போடுங்கள்.

கசப்பான பக்கங்கள்

மொழி என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்த சபைக்கு முன்னால் கோகாக் போராட்டத்தைப் பேசுவது எளிதன்று. பள்ளிக் கல்வியில் கன்னடத்தின் இடம் பற்றி ஆராய்ந்த வி. கே. கோகாக் தலைமையிலான குழு, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதன்மொழியாக இருக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. எழுத்தாளர்கள் தொடங்கிய அந்தப் போராட்டம், 1982இல் ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமெங்கும் பரவிய பேரியக்கமாயிற்று. நம் சபையில் இதைக் கேட்பவர்களில் ஒரு சாரார் தாய்மொழிக்காக நின்றவர் என்று கைதட்டுவார்கள். மற்றொரு சாரார் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை நினைத்து, அங்கிருந்த சிறுபான்மை மொழிக்காரர் என்ன ஆனார்கள் என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான உணர்வுகள். பரிந்துரை என்ன சொன்னது, யார் ஆதரித்தார்கள், உருதும் பிற மொழிகளும் பேசியோர் ஏன் எதிர்த்தார்கள் என்பவற்றைத் தனித்தனியே சொல்லுங்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தைத் திரட்டிய பிறகும் அவர் கட்சி தொடங்கவோ தேர்தலில் நிற்கவோ இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

கடத்தலைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். பேச்சை அதில் தொடங்காதிருந்தால் சரி. 2000 ஜூலை 30 இரவு காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் கொண்டுபோனான்; 108 நாள்களின் பின் நவம்பர் 15இல் விடுதலையானார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. கோரிக்கைகளில் காவிரி நீரும், பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையின் திறப்பும் இருந்தன. அந்தச் சிலை இரு மாநில அரசுகளின் உடன்பாட்டோடு 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. காட்டிலிருந்த நாள்களைப் பற்றிக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றைச் சுவைக்காக அவிழ்த்துவிடாமல், நாளையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு நகருங்கள். 1991இல் காவிரிப் பிரச்சினையை ஒட்டிக் கர்நாடகத் தமிழர்மீது நடந்த வன்முறையை யாராவது எழுப்பினால், நடந்தது நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு நடிகரின் வாழ்க்கைக்குள் அதைத் திணிக்காமல் வேறொரு நாளுக்கு வையுங்கள். 2006இல் அவர் இறந்தபோது பெங்களூரில் மூண்ட கலவரத்தில் உயிர்கள் போனதும் மறைக்க வேண்டிய செய்தியல்ல. அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டதை அதனோடு சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணப்பரில் தொடங்கிய பேச்சு என்பதால் சபை தானாகவே அந்த இணைப்பைக் கண்டுகொள்ளும், நீங்கள் விரல் நீட்டிக் காட்ட வேண்டாம்.

'இவர் அங்கத்தைய எம்.ஜி.ஆரோ, சிவாஜியோ?' என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். முதல் கூட்டத்தில் 'எம்.ஜி.ஆர். மாதிரி' என்று அவசரத்தில் சொல்லிவிட்டு, பிறகு அரசியல் பற்றிய ஏழு கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழித்தேன். எம்.ஜி.ஆரைப் போல மக்கள் திரள் இருந்தது, அரசியல் இல்லை. சிவாஜியைப் போல மேடைப் பயிற்சி இருந்தது, நடிப்பின் வழி வேறு. இருவருக்கும் இல்லாத ஒன்று, தன் பாட்டைத் தானே பாடியது. இதற்கு மேல் ஒப்பிடத் தேவையில்லை.

செய்முறையில் சில சொல்ல வேண்டும். காட்சிகளை இணையத்திலிருந்து நேரே ஓடவிடலாம் என்று நம்ப வேண்டாம். முன்கூட்டியே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய படங்களின் ஒலி மெலிந்திருக்கும் என்பதால், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் ஒரு பெட்டி வாங்கி வைப்பது நல்லது. பெயர்களை முழுவதும் தமிழ் எழுத்தில் ஒரு பலகையில் எழுதுங்கள். ஆண்டுகளை ஒன்றுக்கு இரண்டு இடங்களில் சரிபாருங்கள். படம் எடுத்த ஆண்டும் வெளிவந்த ஆண்டும், விருதுக்குரிய ஆண்டும் வழங்கிய ஆண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று மாறிவிடும்.

இறுதிக் காட்சியாக நான் வைத்தது 1977இல் வந்த 'சனாதி அப்பண்ண'. ராஜ்குமார் அதில் ஷெனாய் வாசிக்கும் கிராமத்துக் கலைஞர். ஒலிப்பதிவில் வாசித்தவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். தவிலும் நாதஸ்வரமும் வீட்டுக்கு வீடு கேட்கும் இணுவிலில் இதைக் காட்டுவது தேர்வெழுதுவது போன்றது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேளகாரர் ஒருவர் எழுந்து திரைக்கு அருகே போய்க் குந்திவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை; விரல்களையும் கன்னத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "விரல் ரெண்டு இடத்திலை பிசகுது, மூச்சு எடுக்கிற இடம் மட்டும் பிசகேல்லை. இன்னொருக்காப் போடும் தம்பி" என்றார். மடிக்கணினியில் மின்னேற்றம் முடிந்துவிட்டிருந்தது, ஊரில் கரண்டும் நின்றுபோயிருந்தது. எனவே உங்கள் கூட்டத்தில் கடைசிக் காட்சிக்குப் பின்னும் பத்து நிமிடத்துக்காவது மின்கலத்தில் மிச்சம் வைத்திருங்கள்.